பத்தாவது பாத்தி

போன வாரம் அடையாறு சிக்னல் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஒரு கடையில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அரைக்கீரையைப் பார்த்தேன். கீரைக்கு ஏசி போட்டிருந்தார்கள். டப்பாவின் மேல் தலைப்பாகை கட்டிய ஒரு விவசாயி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பழகிய கீரைக்காரர்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்தால் அது பெரும்பாலும் என்னைப் பார்த்துத்தான் இருக்கும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓர் இலையிலாவது பூச்சி அரித்த ஓட்டை இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. விற்பனைப் பெண், "செம ஃப்ரெஷ் மேடம், இயற்கை விவசாயம்" என்றாள். மூடியைத் திறந்து மோந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் மேனேஜரைத் தேடினாள்.

மோந்து பார்க்கக் கேட்டது கிறுக்குத்தனம் இல்லை. எனக்குத் தெரிந்த கீரையில் ஈரச் சாக்கின் வாசம் வரும், அதற்கடியில் லேசாகக் கருவாட்டு வாசமும் வரும். பாலவாக்கத்தில் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவே வெறும் மணலில் கீரை போட்ட காலம் அது. மணலில் என்ன சத்து இருக்கப்போகிறது? குப்பத்தில் கழிக்கிற மீன் தலை, செதில், விற்காமல் காய்ந்துபோன பொடி மீன் எல்லாவற்றையும் சாணத்தோடு மக்கவைத்துப் போடுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வாரத்துக்கு நான்கு நாள் அந்த மணலில் உட்கார்ந்து எழுந்து வந்ததில் என் துப்பட்டாக்கள் அத்தனைக்கும் அந்த வாசம் ஏறிவிட்டது. சாந்தோமில் எங்கள் வீட்டு வாசலிலேயே அம்மா என்னை நிறுத்திவிடுவாள். "நொச்சிக்குப்பம் இங்கேருந்து பத்து நிமிஷ நடை. மீன் நாத்தம்தான் வேணும்னா அங்கயே போகலாமே, எதுக்கு ரெண்டு பஸ் மாறிப் போறே?" என்பாள்.

அம்மா சர்ச் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் கணக்கு டீச்சர்தான். எனக்கும் அவளுக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆறு மாதத்தில் என் வேலை நிரந்தரமானால் இரண்டு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. ஆகாவிட்டால், திருச்சி அத்தை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கும் மாப்பிள்ளை போட்டோக்களை நான் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும். நான் அந்த வேலையை எவ்வளவு பக்தியோடு செய்தேன் என்பதை இதிலிருந்தே நீங்கள் புரிந்துகொள்ளலாம்.

வேலை என்னவென்றால், விவசாயிகளுக்குத் தெரிந்ததை எழுதி வைப்பது. அடையாறு காந்தி நகரில் ஒரு மாடி வீட்டில் இருந்த சின்ன அமைப்பு. பெயர் வேண்டாம், இப்போது அங்கே பல் டாக்டர் இருக்கிறார். படித்தவர்கள் விவசாயிகளுக்குப் பாடம் நடத்தியது போதும், மருந்தையும் உரத்தையும் விற்றது போதும், இனி அவர்களிடம் நாம் பாடம் கேட்போம் என்பது கொள்கை. நல்ல கொள்கைதான், இன்றைக்கும் எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் பாடம் கேட்கப் போன நாங்கள் கேள்வித்தாளையும் கையோடு கொண்டுபோனோம்.

கேள்வித்தாளுக்குப் பிறகு அட்டை. மஞ்சள் நிறத்தில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியதாக இருக்கும். ஓர் அட்டைக்கு ஓர் அறிவு. அதில் மூன்று கட்டங்கள்: செய்முறை, பயன், காரணம். மூன்றையும் நிரப்பினால்தான் அட்டை பெட்டிக்குள் போகும். எங்கள் தலைவர், அவரை வெறும் 'சார்' என்றே சொல்லிவிடுகிறேன், கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அபிராமபுரத்திலிருந்து கதர் சட்டையும் ஸ்கூட்டருமாக வருவார். தமிழ்நாட்டு விவசாயிகள் மேல் அவருக்கு இருந்தது உண்மையான மரியாதை. அவர் வீட்டுத் தோட்டத்தில் வைத்த கறிவேப்பிலை மட்டும் ஏனோ மூன்று தடவையும் பட்டுப்போனது.

சார் ஒரு விதி வைத்திருந்தார். "ஒருத்தர் சொன்னா அது அபிப்பிராயம். ரெண்டு பேர், ஒருத்தருக்கொருத்தர் பேசிக்காம, தனித்தனியா அதையே சொன்னா அது அறிவு. புரிஞ்சுண்டியா?" அப்படி இரண்டு பேர் சொல்லிவிட்டால் அட்டையின் மூலையில் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். நாங்கள் நாலைந்து பேர் அந்த டிக்குக்காக அலைந்தோம். மூன்று மாதம் முடிந்தபோது என் பெட்டியில் நாற்பத்தோரு அட்டைகள் இருந்தன, ஒரு டிக் கூட இல்லை.

இல்லாமல் போனதற்குப் பெரிய காரணம் கன்னியம்மா. பாலவாக்கத்தில் எனக்குக் கிடைத்த கீரைக்காரி. வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும், கை நிறையக் கண்ணாடி வளையல், தண்ணீர்ப் பூவாளியைத் தூக்கினால் வளையல் சிணுங்கும். செய்முறை எவ்வளவு கேட்டாலும் சொல்வாள். பயன் சொல்வாள். காரணம் என்று கேட்டால் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்ப்பாள். கீரை விதை கடுகை விடப் பொடிசு, விதைத்த அன்றே எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் விதையோடு மணலைக் கலந்து தூவிவிட்டு, வரப்போரமாக ஒரு பிடி அரிசி நொய்யைப் போட்டுவிடுவாள். எறும்பு நொய்யை இழுக்கும், விதை தப்பிக்கும்.

"இதுக்கு என்ன காரணம்?" என்று கேட்டேன்.

"இன்னா காரணம்? எறும்புக்கும் வயிறு கீதே."

அதையே காரணம் கட்டத்தில் எழுதிக்கொண்டு போனேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நன்னாத்தான் இருக்கு. ஆனா இது அறிவியல் இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் அரை வரிக்கு இங்கிலீஷில் என்னவோ எழுதினார். இப்போது யோசித்தால் கன்னியம்மா சொன்னதில் ஒரு எழுத்துக்கூட மாற்ற இடமில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் தாவரவியல் பட்டதாரி. கீரையின் லத்தீன் பெயரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் வித்தியாசம் தெரியாது. முதல் நாள், களை எடுக்க உதவுகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்து ஒரு முழம் நீளத்துக்குக் கீரையைப் பிடுங்கி வைத்தேன். களையைப் பத்திரமாக விட்டிருந்தேன். கன்னியம்மா அதைக் கோபிக்காமல் அள்ளி, கட்டு கட்டி, "கார்டு பொண்ணு அறுத்த கீரை" என்று சொல்லி விற்றுவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அங்கே அதுதான் பெயர், கார்டு பொண்ணு.

பக்கத்திலேயே இன்னொருத்தி கீரை போட்டாள், தேவகி. கன்னியம்மாவை விட ஐந்தாறு வயது இளையவள். இருவரும் ஓர்ப்படிகள், அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். ஆண்கள் இரண்டு பேரும் லாரியில் லோடு ஏற்றும் வேலைக்குப் போய்விடுவார்கள், கீரை முழுக்கப் பெண்கள் பாடு. நிலம் யாரோ ஒருவருடையது, மாமனார் காலத்திலிருந்து குத்தகை. நடுவில் ஒரு மணற்கிணறு. வடக்கே கன்னியம்மாவின் ஒன்பது பாத்திகள், தெற்கே தேவகியின் ஒன்பது பாத்திகள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பாத்தி, எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் பத்தாவது, யார் கையும் படாமல், முழங்கால் உயரத்துக்கு மேல் வளர்ந்து, கதிர் விட்டு, தும்பையும் குப்பைமேனியும் கலந்து ஒரு சின்னக் காடாக நின்றது. வண்ணத்துப்பூச்சி, சிலந்தி, சிவப்பு வண்டு என்று அதில் ஒரே கூட்டம். மற்ற பதினெட்டும் சீவி முடித்த தலையாக இருக்க, இது மட்டும் இப்படி.

தாவரவியல் படித்த என் மூளை விழித்துக்கொண்டது. கன்னியம்மாவிடம் கேட்டேன்.

"இந்தப் பாத்திய ஏன் அப்படியே விட்டிருக்கீங்க?"

அவள் என்னைப் பார்க்காமல் கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "அது அப்டித்தான். அத்த தொடக் கூடாது."

மறுநாள் தேவகியிடம் போய் அதே கேள்வியைக் கேட்டேன். "அத்த யாரும் தொடக் கூடாதும்மா. தொட்டா பேஜாரு" என்றாள்.

இரண்டு பேர், தனித்தனியாக, ஒரே பதில். அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை என்பதையும் நான் கவனித்திருந்தேன். கிணற்றடியில் ஒருத்தி இருந்தால் இன்னொருத்தி பூவாளியோடு தள்ளியே நிற்பாள். சாரின் விதிக்கு இதை விடப் பொருத்தமான சாட்சிகள் எங்கே கிடைப்பார்கள்? அவர்கள் பேசாமல் இருந்ததை என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த வசதியாகவே எடுத்துக்கொண்டேன். எவ்வளவு படித்திருந்தால் இப்படி ஒரு முட்டாள்தனம் வரும் பாருங்கள்.

காரணம் கட்டத்தை நானே நிரப்பினேன்: 'தீமை செய்யும் பூச்சிகளைத் தின்னும் பூச்சிகளுக்குப் புகலிடம்.' சார் அட்டையைப் படித்தார். எழுந்து நின்று இன்னொரு தடவை படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து டிக் போட்டதோடு நிற்காமல் அதைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார். "பத்துல ஒரு பாத்திய பூச்சிக்குன்னு விட்டிருக்கா பார். மேல்நாட்டுக்காரன் இப்பத்தான் இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சிருக்கான். இவா எப்பவோ பண்ணிண்டு இருந்திருக்கா!" என் பேரைச் சொல்லி ஆபீஸ் முழுக்க ஓட்டல் காபி வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம், கவர் வேண்டாம் என்று அத்தைக்கு இப்போதே எழுதிவிடச் சொன்னேன்.

ஒரு மாதத்துக்குள் விஷயம் பெரிதாகிவிட்டது. சார் சிறு விவசாயிகளுக்காக ஒரு கையேடு போடுவதென்று முடிவு செய்தார். அதில் முதல் பாடமே 'பத்தாவது பாத்தி.' ஒவ்வொரு விவசாயியும் பத்துக்கு ஒரு பாத்தியைப் பூச்சிகளுக்காக விட வேண்டும். கையேடு அச்சுக்குப் போகும் முன்பு செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து இருபது விவசாயிகளை வேனில் அழைத்துவந்து பாலவாக்கத்தில் இதைக் காட்டுவதாகவும் ஏற்பாடு. அட்டைப்படத்துக்கு, அந்தப் பாத்தியின் முன்னால் ஓர்ப்படிகள் இருவரும் சேர்ந்து நிற்கும் போட்டோ வேண்டும் என்றார். அதை எடுக்க ஒரு கேமராவைக் கொடுத்து என்னை அனுப்பினார்.

தேவகி கேமராவைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னொரு பக்கம் அக்காவும் நிக்கணும்" என்றேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அவ நிக்கற போட்டோல நான் நிக்க மாட்டேன்."

"ஏன்?"

"ஏனா? எங்க மாமனாரு பூட்டப்புறம் பாகம் பிரிச்சோம். பத்தொம்போது பாத்தி. ஆளுக்கு ஒம்போது. மிச்சம் ஒண்ணு யாருக்கு? நான் சின்னவ, எனக்கு வுட்டுக் குடுக்கலாமா இல்லியா? அவ நான்தான் பெரியவன்றா. அவ தொட்டா நான் சும்மா வுட மாட்டேன், நான் தொட்டா அவ வுட மாட்டா. ரெண்டு வருஷமா அப்டியேதான் கீது. இது இன்னாத்துக்குப் போட்டோ?"

நான் கேமராவை உறையில் போட்டேன். அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். புகலிடமும் இல்லை, பூச்சியும் இல்லை. பத்தொன்பதை இரண்டால் வகுக்க முடியாத பிரச்சினை. கணக்கு டீச்சர் மகள் நான், பாத்திகளை மொத்தமாக எண்ணியிருந்தால் போதும்.

வேலை உறுதியாக இன்னும் மூன்று வாரம் இருந்தது. இதைச் சொன்னால் என்னுடைய ஒரே டிக் போய்விடும், டிக் போனால் வேலை போய்விடும், வேலை போனால் திருச்சிக் கவர் வந்துவிடும். சொல்லாவிட்டால் ஏழெட்டுப் பாத்தியில் பிழைப்பவர்கள் ஒரு பாத்தியைச் சும்மா விட்டு வயிற்றில் ஈரத்துணி கட்டிக்கொள்ள வேண்டும், அதுவும் யாரோ இரண்டு பேர் போட்ட சண்டைக்காக. இரண்டும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தும் நான் சொல்லவில்லை; போட்டோவை வேன் வரும் நாளில் எடுக்கலாம் என்று மட்டும் சமாளித்தேன். மூன்று தடவை சார் அறைக்குப் போனேன். முதல் தடவை அவர் கையேட்டுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை, அதை எனக்குப் படித்துக் காட்டினார், என் பெயர் நன்றியில் இருந்தது. மூன்றாம் தடவை அவர் மனைவி கொடுத்தனுப்பிய தேங்காய் பர்பியைக் கொடுத்தார். பர்பியை வாயில் போட்டுக்கொண்டு எப்படிச் சொல்வது? சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் தேங்காய் பர்பி எனக்கு உள்ளே இறங்குவதில்லை.

வேன் வந்தது. இருபது பேரும் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். கன்னியம்மா வடக்கே, தேவகி தெற்கே, இரண்டு பேரும் நல்ல புடவை கட்டி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். சார் உருகிப் பேசினார். இந்தச் சகோதரிகளின் அறிவுக்கு முன்னால் நம் படிப்பு ஒன்றுமில்லை என்றார். நீங்களும் பத்துக்கு ஒன்று விட வேண்டும் என்றார். கூட்டத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"எங்கிட்ட ஏழு பாத்திதாங்க கீது. அதுல எத்த வுடறது?"

அந்தப் பெண் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே எதை விடலாம் என்று மனசுக்குள் ஏழையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.

"எதையும் விட வேண்டாம்," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "சார், நான் எழுதினது தப்பு. இது பூச்சிக்காக விட்டது இல்ல. பாகம் பிரிக்கும்போது வந்த சண்டையில விட்டது."

பச்சைப் புடவைக்காரி பாத்தியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அது வேன்லேந்து இறங்கும்போதே தெரிஞ்சுதும்மா. இப்டி ஒண்ணு எங்க ஊர்லயும் கீது. நீங்கதான் என்னாவோ பூச்சி, கீச்சின்னீங்க, படிச்சவங்க சொல்றீங்களேன்னு சும்மா இருந்தேன்."

இருபது பேரும் சிரித்தார்கள். ஆளாளுக்குத் தங்கள் ஊர்ப் பாகத் தகராறைச் சொல்லத் தொடங்கினார்கள். சாரின் சிவப்புப் பேனா சட்டைப்பையில் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

ஆனால் குடும்ப விஷயம் சபைக்கு வந்தது கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என்னைத்தான் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தேவகி பக்கம் திரும்பினாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"வூட்டு விஷயத்த கார்டு பொண்ணாண்ட யாருடி சொல்லச் சொன்னது? பாத்தியத் தொட மாட்டேன்னு சொல்லிக்கினு, விடிகாலைல வந்து வெத உருவிக்கினு போறவதானே நீ!"

"நான் உருவினேனா? அப்ப நீ? உன் முந்தானைல முடிஞ்சுக்கினு போனது இன்னா, பொரியா?"

"என் வெத முளைக்கலடி. அறுத்து அறுத்து வித்தா எங்கேந்து வெத நிக்கும்? இதுல நின்ன வெததான் ஒண்ணு விடாம முளைக்குது."

"அதான் நானும் எட்த்தேன். அது மட்டுமா? என் கீரைக்குப் பேனு புடிச்சப்ப இதுலேந்து நாலு கிளைய ஒடிச்சு பாத்தில போட்டேன். அந்தச் செவப்பு வண்டு இருக்குதே, புள்ளி போட்டது, அது இறங்கி எல்லாப் பேனையும் துன்னுடிச்சு. உன்கிட்ட சொல்லலாம்னு பார்த்தேன். நீதான் மூஞ்சியத் திருப்பிக்கினியே!"

"எனக்குத் தெரியாதாக்கும்! போன ஐப்பசியிலேயே நான் போட்டுட்டேன்."

பத்து நிமிஷம் இப்படியே போனது. எந்தக் கிளையை ஒடிக்க வேண்டும், எந்த நேரத்தில் வண்டு பறக்காமல் உட்கார்ந்திருக்கும், எந்தச் செடியின் விதையை விட்டுவிட வேண்டும், ஏன் தும்பையைப் பிடுங்கவில்லை, எல்லாம் வந்தது. ஒருத்தி சொல்ல, மற்றவள் மறுக்க, மறுப்பதற்காகவே இன்னும் நுணுக்கமாகச் சொல்ல, மூன்று மாதம் நான் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கெஞ்சியும் கிடைக்காத அத்தனை காரணங்களும் அந்தச் சண்டையில் கொட்டின. சிரித்துக்கொண்டிருந்த இருபது பேரும் சிரிப்பை விட்டுவிட்டு நெருங்கி வந்தார்கள். பச்சைப் புடவைக்காரி கேட்டாள், "காலைல ஒடிக்கணுமா, வெயில் ஏறின அப்புறமா?" இரண்டு பேரும் ஒரே குரலில், "வெயிலுக்கு முந்தி!" என்றார்கள். அப்புறம் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டார்கள். அதைத்தான் நான் அந்த ஆண்டின் ஒரே உண்மையான சிவப்பு டிக் என்று சொல்வேன்.

பச்சைப் புடவைக்காரி போகும்போது ஒரு பாத்தியையும் விடப் போவதில்லை என்று சொன்னாள். "வரப்போரமா பத்து செடி வுட்டா வண்டு வராதா?" என்று கன்னியம்மாவிடம் கேட்டாள். "வரும், வண்டுக்கு இன்னா, வரப்புன்னு தெரியுமா பாத்தின்னு தெரியுமா" என்றாள் கன்னியம்மா.

திரும்பும் வழியில் சார் வேனில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். திருவான்மியூர் கோயில் தாண்டியதும் கேட்டார்.

"உனக்கு இது எப்போ தெரியும்?"

"பத்து நாளா சார்."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"பர்பி குடுத்தீங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா, கோபமா என்று எனக்குக் கடைசி வரை தெரியவில்லை. இறங்கும்போது, "அந்த அட்டையில காரணத்தை அடிச்சுட்டுத் திருப்பி எழுது. பொய் எழுதாதே" என்று மட்டும் சொன்னார். மறுநாள் எழுதினேன். செய்முறை: ஒரு பாத்தியை அறுக்காமல் விடுதல். பயன்: நல்ல விதை, பேனைத் தின்னும் வண்டு. காரணம்: ஓர்ப்படிச் சண்டை. சார் நெடுநேரம் பார்த்துவிட்டு டிக் போட்டார். கையேட்டில் மட்டும் 'குடும்பக் காரணங்களால்' என்று திருத்திக்கொண்டார். முதல் பாடம் 'வரப்போரம் பத்துச் செடி' என்று மாறியது.

வேலை நிரந்தரமாகவில்லை. பத்து நாள் மறைத்ததற்காக இன்னும் மூன்று மாதம் நீட்டினார். நியாயம்தான். அம்மாவும் அவள் பங்குக்கு ஒப்பந்தத்தை நீட்டாமல் கவரை வரவழைத்தாள். மூன்று மாதத்தில் மூன்று போட்டோ பார்த்தேன். மூன்றாம் போட்டோக்காரர் இப்போது உள்ளே உட்கார்ந்து டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார். வேலை அதற்கப்புறம் நிரந்தரமானது, ஏழு வருஷம் அங்கேயே இருந்தேன்.

கன்னியம்மாவும் தேவகியும் அன்றைக்குப் பிறகு ராசியாகிவிட்டார்கள் என்று சொன்னால் அவர்களே என்னை அடிக்க வருவார்கள். பேச ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். பேச ஆரம்பித்ததால் தினமும் சண்டை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி, பூவாளி நிரம்புவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். நீ ஒடித்த கிளையில் வண்டே இல்லை, நீ எடுத்த விதையில் பாதி பொக்கு என்று தொடங்கி, கன்னியம்மா பொண்ணு சடங்குக்கு என்ன புடவை எடுப்பது என்பதில் வந்து நிற்கும். பத்தாவது பாத்தியை இரண்டாக வெட்டிப் பிரித்துக்கொள்ளலாமே என்று ஒரு தடவை நான் யோசனை சொன்னேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். அது கடைசி வரை அப்படியே நின்றது.

கடைசி என்பது தொண்ணூறுகளின் முடிவில் வந்தது. அந்த ரோட்டை அகலப்படுத்தினார்கள், நிலத்துக்காரர் மனை போட்டு விற்றார். கையேட்டைக் காட்டி யாரிடமாவது பேசலாமா என்று சாரும் நானும் இரண்டு மூன்று இடங்களுக்கு அலைந்தோம். குத்தகைக் கீரைக்கு யார் பேசுவார்கள்? கிணற்றை மண் போட்டு மூடிய அன்று நான் போகவில்லை. போகத் தைரியம் இல்லை. பிறகு சாரும் போய்ச்சேர்ந்தார், மாடி வீடு பல் டாக்டருக்குப் போனது. அட்டைப் பெட்டிகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏசிக் கடையில் அந்த டப்பாவை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து நேராகத் திருவான்மியூர் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே தேவகி பிளாட்பாரத்தில் சாக்கு விரித்துக் கீரை விற்கிறாள் என்பது எனக்குச் சில வருஷங்களாகத் தெரியும். இப்போதெல்லாம் கோயம்பேட்டிலிருந்து வாங்கி வந்து விற்கிறாள். தலை முழுக்க நரை. என்னைப் பார்த்ததும், "வா கார்டு பொண்ணே" என்றாள். எனக்குப் பேரன் பிறந்திருக்கிறான் என்பது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

கீரையைப் புரட்டிப் பார்த்தேன். இதிலும் ஓட்டை இல்லை. "மருந்துதான், இன்னா பண்றது" என்றாள், நான் கேட்காமலே.

கன்னியம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

"அக்கா, அதோட மக வூட்ல, கூடுவாஞ்சேரில கீது. மூணாவது மாடி. முட்டி வலி, இறங்கறதில்ல. போன்ல பேசும். 'நல்லாகீறியாடி'ன்னு கேக்கும். நல்லாகீறேன்னுவேன். 'துன்னியா'ன்னு கேக்கும். துன்னேன்னுவேன். அப்பறம் இன்னா பேசறது? வெச்சுடும்."

மூன்று கட்டை எடுத்து என் பையில் போட்டாள். நான்காவது கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத வண்டைத் தேடுவதைப் போல, கொஞ்ச நேரம் இலைகளை விலக்கி விலக்கிப் பார்த்தாள்.

"மரியாதையா பேசுதும்மா அக்கா," என்றாள். "அதான் ஒரு மாதிரி கீது. சண்ட போடறதுக்குன்னு எங்களுக்கு ஒரு பாத்தி இருந்துச்சு."